ஏழரை நம்பர் ஸ்டிக்கு

மொதல்ல அந்த உறையில ஒண்ணைக் கழட்டுங்க. வலது கையில இருக்கறதைங்க. இந்தக் கோல்ஃப் ஆட்டத்துக்கு இடது கையில மட்டும்தான் உறை. ரெண்டு கையிலயும் மாட்டிட்டு நின்னா வெல்டிங் பண்ண வந்தவர் மாதிரி இருக்குது. நான் சொன்னதோட போச்சு. இப்படியே வெளிய புல்லுல போயி நின்னிருந்தீங்கன்னா மத்த மெம்பருங்க வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. வீட்டுக்குப் போயிச் சொல்லிச் சிரிப்பாங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், ஓரமா உக்காராதீங்க. இந்த மழை விட இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். எனக்குத் தெரியுமுங்க. இருபத்தொம்பது வருசமா இந்தக் கிளப்புல மழை பாக்கறேன்.

ஆபீசுல என்ன சொல்லி அனுப்புனாங்க? பை வெக்கற பேக் ரூமுல ஆறுச்சாமின்னு ஒருத்தன் இருப்பான், எந்த ஸ்டிக்கை வெக்கறது, எதை எடுக்கறதுன்னு அவனைக் கேளுங்கன்னு சொல்லியிருப்பாங்க. இருப்பான்னுதானே சொன்னாங்க? இருப்பாருன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க தலையாட்ட வேண்டாமுங்க, எனக்கே தெரியும்.

நான் பேக் ரூம் ஆளு இல்லீங்க. அதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க. நான் கேடி. ஆட்டக்காரரு கூடப் பையைத் தூக்கிட்டு நடந்து, தூரம் பாத்து, காத்துப் பாத்து, இன்ன ஸ்டிக்குல அடிங்கன்னு எடுத்துக் குடுக்கற ஆளு. எங்க மாமனாரு பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால மாப்பிள்ளைக்கு என்ன தொழிலுன்னு விசாரிச்சிருக்காரு. யாரோ போயி, மாப்பிள்ளை பெரிய கிளப்புல கேடின்னு சொல்லிட்டாங்க. மனுசன் நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போயி, இந்தப் பையன் போட்டோ உங்க போர்டுல இருக்குதான்னு கேட்டிருக்காரு. சிரிங்க, பரவால்லை. சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. தெய்வசிகாமணி மட்டும் சிரிக்கலை. அவரைப் பத்தி அப்புறமேலு சொல்றேன்.

எத்தனை இருக்குதுங்க உங்க பையில? நீங்க எண்ண வேண்டாம், நான் தூக்கறப்பவே தெரிஞ்சுது. பதினேழு. கடைக்காரன் புது ஆளுன்னு பாத்துத் தலையில கட்டியிருக்கான். பதினாலுக்கு மேல வெக்கக்கூடாது, அது சட்டம். பதினஞ்சாவதா ஒண்ணு இருந்தா நீங்க ஜெயிச்ச குழியைக் கழிச்சுருவாங்க. அதனால மூணு வெளிய வரணும். எந்த மூணுன்னு நான் சொல்றேன். பேசிக்கிட்டே பிரிச்சுப் போடறேன், நீங்க கேட்டுட்டே இருங்க.

அதுக்கு முன்னால ஒரு விசயம். நாளைக்குப் போட்டிக்கு எந்தக் கேடி வேணும்னு அந்த ஜன்னல்ல போயி நீங்க பேரு சொல்லணும். நாலு மணிக்கு ஜன்னலை மூடிருவாங்க. இங்க ஒரு முறை வெச்சிருக்காங்க, மூணு வருசமா எந்த மெம்பரும் பேரு சொல்லாத கேடிகிட்ட இருந்து பேட்ஜைத் திருப்பி வாங்கிக்குவாங்க. எனக்கு இந்த மாசத்தோட மூணு வருசம். இந்த மாசத்துக்கு இதுதான் கடைசிப் போட்டி. அவ்வளவுதானுங்க. உங்க காலைப் புடிக்கலை. பேரு சொன்னா நீங்க ஜெயிப்பீங்க, நான் புல்லுல நடப்பேன். சொல்லலைன்னா நீங்க தோப்பீங்க, நான் இங்கயே உக்காந்து ஊரான் ஸ்டிக்கைத் துடைப்பேன். உங்க இஷ்டம்.

எனக்கு ஏன் மூணு வருசமா யாரும் பேரு சொல்லலைன்னு நீங்க கேப்பீங்க. கேக்கலைன்னாலும் வெளிய போனதும் யாராவது சொல்லுவாங்க. தப்புத் தப்பாச் சொல்லுவாங்க. அதனால நானே சொல்லிடறேன்.

தெய்வசிகாமணின்னு ஒரு மெம்பர். கணபதிப் பக்கம் மோட்டார் பம்ப் கம்பெனி வெச்சிருக்காரு. நான் முதலாளின்னுதான் கூப்புடுவேன். பத்தொம்பது வருசம் அவருக்கு நான்தான் கேடி. நல்ல ஆட்டக்காரருன்னு சொல்ல முடியாது. கை பலம் இருக்குது, தூரம் கணிக்கத் தெரியாது. பந்தைப் பாத்து அடிப்பாரு, போற எடத்தைப் பாக்க மாட்டாரு. அந்த எடத்தைப் பாக்கத்தான் நான் இருந்தேன். பத்தொம்பது வருசம் அந்தாளோட கண்ணு நானுங்க.

உங்களுக்கு இதெல்லாம் புதுசு, அதனால சொல்றேன், இதுல கவனம் வைங்க. இந்த இரும்பு ஸ்டிக்குல எல்லாம் அடியில நம்பர் இருக்கும். சின்ன நம்பர்னா தாழ்வாப் போயி தூரமா விழும். நம்பர் பெருசாக ஆக உசரமாப் போயி கிட்டக்க விழும். எங்க முதலாளிக்கு ஏழு நம்பர் நூத்தி நாப்பது கஜம் போகும். ஒம்பது நூத்திப் பதினஞ்சு. நடுவுல எட்டு, நூத்தி இருபத்தெட்டு. ஆளுக்கு ஆளு தூரம் மாறும், ஆனா ஒரே ஆளுக்கு மாறாது. அதை மனப்பாடம் பண்றவன்தான் கேடி.

அந்தாளு ஒரு நாள் வந்து எட்டு நம்பரை எடுத்து என் கையில குடுத்து, இதை எங்கயாவது போட்டுரு, என் கண்ணுல படக்கூடாதுன்னுட்டாரு.

ஏனுங்கன்னு கேட்டேன். சாயிபாபா காலனியில நம்பர் பாக்கறவரு ஒருத்தர் இருக்காராம். எட்டு உங்களுக்கு ஆகாது, கையில தொடாதீங்கன்னு சொல்லிட்டாராம். கார் நம்பரை மாத்திட்டாரு, போன் நம்பரை மாத்திட்டாரு, கம்பெனியில எட்டாவது மிசினுக்கு ஏழு-ஏ ன்னு பெயிண்ட் அடிச்சாங்க. படிச்ச மனுசன். இஞ்சினியரு. அந்தம்மா, அவரு சம்சாரம், ஒரு எட்டாந்தேதி ஆசுபத்திரியில போயிட்டாங்க. அதுல இருந்துதான் இந்தக் கிறுக்கு. அதுக்கும் ஸ்டிக்குக்கும் என்னங்க சம்பந்தம்? ஸ்டிக்கு என்ன பண்ணுச்சு? நீங்களே சொல்லுங்க.

இங்க பதினஞ்சாவது குழி பாத்திருக்கீங்களா? குளத்துக்கு மேல அடிக்கணும். நூல் புடிச்ச மாதிரி நூத்தி இருபத்தெட்டு கஜம், ஒரு கஜம் கூடாது, ஒரு கஜம் குறையாது. அந்தக் குழியே எட்டு நம்பருக்காக வெட்டுன குழி. மூணு வருசம் அந்தாளு அதுல பட்ட பாடு. ஏழை எடுத்தா புதருக்குள்ள, ஒம்பதை எடுத்தா தண்ணிக்குள்ள. மெதுவா அடிங்க, அமுக்கி அடிங்கன்னு நான் கத்துனதுல தொண்டை போனதுதான் மிச்சம். மத்த கேடிங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. ஆறுச்சாமிக்குத் தூரம் தெரியலையாம். எனக்கு. தூரம். தெரியலையாம்.

இந்த ரெண்டையும் வெளிய வெச்சுட்டேன், பாத்துக்கங்க. இந்த நீளக்கட்டை உங்களுக்கு இன்னும் அஞ்சு வருசத்துக்கு வேண்டாம். இது ஒண்ணும் புரியாம வாங்குனது, இதை யாருமே அடிக்க மாட்டாங்க. பதினஞ்சு ஆச்சு. இன்னும் ஒண்ணு.

எட்டு நம்பரை நான் போடலீங்க. இதே ரூமுல ஷெல்ஃபுக்குப் பின்னால வெச்சிருந்தேன். எங்க மச்சினன் முதலாளி கம்பெனியில ஃபிட்டரா இருந்தான். அவரு சேத்துவிட்ட வேலைதான், அதென்ன பெரிய விசயம், அவருக்கும் ஆளு வேணும். ஸ்டிக்கை அவன்கிட்டக் குடுத்தேன். அடியில இருந்த எட்டைக் கிரைண்டர்ல மழிச்சுட்டு நம்பர் பதிக்கற இரும்பு அச்சு, பஞ்சும்பாங்க, அதை வெச்சு ஏழுன்னு அடிச்சுக் குடுத்தான். சுத்தமான வேலை. கம்பெனிக்காரனே அடிச்ச மாதிரி. அதைக் கொண்டாந்து, முதலாளி, மெதுவா அடிக்கறதுக்குன்னு ஒரு சின்ன ஏழு இப்ப விக்கறாங்க, உங்களுக்காகச் சொல்லி வெச்சு வாங்குனேன்னு சொன்னேன்.

வாங்கித் திருப்பிப் பாத்தாரு. அடியில அந்த நம்பரைக் கட்டைவிரலால தடவுனாரு. அப்புறம், சரி, சின்ன ஏழுன்னே இருக்கட்டும்னு பையில செருகுனாரு. அவ்வளவுதான். ஏமாந்துட்டாரு. இஞ்சினியரு.

நாலு வருசம். நாலு வருசம் அந்தக் குளத்துல ஒரு பந்து விழலீங்க. பதினஞ்சாவது குழிக்கு வந்தா கையை மட்டும் பின்னால நீட்டுவாரு. நான் சின்ன ஏழை வெப்பேன். படக்குன்னு ஒரு அடி, பந்து போயி குழியைச் சுத்தி இருக்கற பச்சையில உக்காரும். அவரு முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அந்தம்மா போனதுக்கப்புறம் அந்த ஒரு குழியிலதான் அந்தச் சிரிப்பைப் பாத்தேன். யாரு குடுத்த சிரிப்பு அது? அதுக்கு ஒரு வார்த்தை வந்துச்சா என் பேருல? மெம்பருங்ககிட்ட எல்லாம் என்ன சொல்லுவாரு தெரியுங்களா? ஆறுச்சாமி எனக்குன்னு பாத்து ஒரு ஸ்டிக்கு வெச்சிருக்கான்னு சொல்லுவாரு. வெச்சிருக்கான். அவ்வளவுதான்.

ஷெட்டுல அந்த ஸ்டிக்குக்கு ஒரு பேரு வந்துருச்சு. ஷெட்டுன்னா கேடிங்க உக்காந்து டீ குடிக்கற எடம். ஏழும் இல்லை, எட்டும் இல்லை, அதனால ஏழரை. யாரோ வெச்ச பேரு. எட்டுக்குப் பயந்து ஓடுன மனுசன் கையில ஏழரைச் சனியைக் குடுத்தாச்சுன்னு சொல்லி ஒரே சிரிப்பு. ஏழரை எப்படி இருக்குது, ஏழரை இன்னிக்கு என்ன சொல்லுச்சுன்னு தெனமும் கேப்பாங்க. நல்ல பேருங்க. எனக்கு அப்படி ஒரு பேரு தோணுனதே பெரிய விசயம். சரி, நான்தான் வெச்சேன். நான் வெச்சா என்ன? என் ஸ்டிக்கு, என் மூளை, நான் வெச்ச பேரு. பத்துப் பேரு சிரிச்சாங்க. சும்மா நடந்து நடந்து காலு தேயற பொழப்புல சிரிக்கறதுக்கு ஒண்ணு வேண்டாமுங்களா?

அப்புறம் அந்த வருசத்துக் கோப்பைப் போட்டி வந்துச்சு. முதலாளி அதை ஒரு தடவை கூட ஜெயிச்சதில்லை. நெஞ்சுல பைபாஸ் பண்ணி எட்டு மாசம்... எட்டுன்னு சொன்னா அவரு கோவிச்சுக்குவாரு, ஏழும் ஒண்ணும்னு வெச்சுக்கங்க. இந்த வருசத்தோட நிறுத்திக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதனால அதுதான் அவருக்குக் கடைசி. ஒவ்வொருத்தரா ஜெயிச்சு ஃபைனலுக்கு வந்துட்டோம். ஜெயிச்ச மெம்பரோட கேடிக்கு மேஸ்திரி வேலை தருவாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. பழைய மேஸ்திரி வெளியேறற நேரம். மேஸ்திரின்னா தூக்க வேண்டாம், நடக்க வேண்டாம், நாற்காலி போட்டு உக்காந்து யாரு யாருக்குப் போறதுன்னு சொன்னாப் போதும். எனக்கும் முட்டி வலி வர ஆரம்பிச்சுருச்சு. நியாயமாப் பாத்தா எனக்குத்தான் வரணும்.

எதிர்ல ஆடுனது டாக்டர் ஜமுனாங்கற அம்மா. ஆபரேசனுக்கு மயக்க மருந்து குடுக்கறவங்க. ஆட்டமும் அப்படித்தான் இருக்கும், பாத்துட்டே இருந்தா தூக்கம் வரும், முழிச்சுப் பாத்தா நம்ம தோத்திருப்போம். அவங்களுக்குக் கேடி லூர்து. லூர்துசாமி. இப்ப வெளிய போனா நீலத் தொப்பி போட்டு ஒருத்தன் குடை புடிச்சிட்டு நிப்பான், அவன்தான். நாப்பது வயசாகுது, இன்னும் எல்லாரையும் அண்ணா அண்ணாம்பான். வாயில வெண்ணெய். பந்து எங்க விழுந்துச்சுன்னு கேட்டா கையைக் காட்டுவான், வாயைத் திறக்க மாட்டான். அதைப் போயி பெரிய குணம்னு இந்த மெம்பருங்க தூக்கி வெச்சு ஆடறாங்க.

ஃபைனலுக்கு முந்துன நாள் சாயங்காலம் ஷெட்டுல உக்காந்திருந்தோம். நாளைக்கு என்னண்ணா, குளத்துக்கு எதை எடுப்பீங்கன்னு ஒருத்தன் கேட்டான். நான் எந்திரிச்சு முதலாளி மாதிரியே நின்னு, கையைப் பின்னால நீட்டிக் காட்டுனேன். அப்படியே அவரு குரல்ல, என் சம்சாரம் போனதுல இருந்து எட்டு ஆகறதில்லப்பா, அந்த ஏழரையைக் குடுன்னு சொன்னேன். ஷெட்டே சிரிச்சுது. லூர்து மட்டும் சிரிக்கலை. அண்ணா, முதலாளி வெளிய நின்னிட்டிருந்தாரு, ஷூவைக் கையில வெச்சிட்டு நின்னாரு, இப்பத்தான் திரும்பிப் போறாருன்னான். எட்டிப் பாத்தேன், யாரும் இல்லை. அவனுக்கு என் மேல பொறாமை, மறுநாள் எதிர்ல ஆடற கட்சி, மனசைக் கலைக்கப் பாக்கறான்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

மறுநாள் காலையில முதலாளி ஒரு புது ஸ்டிக்கைக் கொண்டாந்தாரு. பையன் வெளிநாட்டுல இருந்து அனுப்புனதாம். இதைப் பையில வை, அந்தச் சின்ன ஏழை எடுத்துருன்னாரு. என் முகத்தைப் பாக்காமயே சொன்னாரு. ஏனுங்க முதலாளி, குளத்துக்கு அது வேணுமுங்களேன்னேன். எடுத்துருன்னு சொன்னேனேன்னாரு.

நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. பையன் அனுப்புனான்னு, ஒரு தடவை கூட அடிச்சுப் பாக்காத ஸ்டிக்கு. அவனுக்கு இங்க குளம் இருக்குதுன்னே தெரியாது. வருசத்துக்கு ஒரு தடவை வந்து அப்பா கூட நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறவன். அதைக் கொண்டுபோயி ஃபைனல்ல வெக்கறதா? சரிங்கன்னு சொன்னேன். இந்த ரூமுக்கு வந்தேன். பையன் அனுப்புனதை அந்த மூலையில சாத்தி வெச்சேன். ஏழரையைப் பையிலயே விட்டேன். பதினாலுக்குப் பதினாலு. சட்டப்படி ஒரு தப்பு இல்லை. அவரு ஜெயிக்கணும்னு நினைச்சவன் நான். தோக்கணும்னு நினைச்சிருந்தா அவரு சொன்னதைத்தான் பண்ணியிருப்பேன்.

பதினாலு குழி முடிஞ்சப்ப ரெண்டு பேரும் சமம். பதினஞ்சாவதுக்கு வந்தோம். நூறு பேராவது வேடிக்கை பாக்க வந்துட்டாங்க. முதலாளி கையைப் பின்னால நீட்டலை. திரும்பி நின்னு, பையன் அனுப்புனதை எடுன்னாரு.

அது ரூமுல இருக்குதுங்க, இந்தத் தூரத்துக்கு அது ஆகாதுன்னு சொல்லி ஏழரையை உருவி நீட்டுனேன்.

அதை வாங்குனாரு. வாங்கித் தலைகீழாத் திருப்பி, அந்த நம்பர் மேல கட்டைவிரலை வெச்சாரு.

"இதுக்கு என்ன பேரு ஆறுச்சாமி?"

"சின்ன ஏழுங்க."

"ஷெட்டுல என்ன பேரு?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. ஓகோ, இந்தாளு சனிக்குப் பயந்துட்டாரு. எவனோ ஏழரைன்னு காதுல போட்டிருக்கான். கை நடுங்குனா ஆட்டம் போயிரும். உடனே மனசைத் தேத்தணும். அவரு நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்.

"அதெல்லாம் விளையாட்டுக்குச் சொல்றதுங்க முதலாளி. ஏழரையெல்லாம் இல்லீங்க. இது எட்டுங்க. உங்க பழைய எட்டேதான். சத்தியமா எட்டு."

சத்தமாத்தான் சொன்னேன். சத்தமாச் சொன்னாத்தானே நம்புவாரு. பின்னால நின்னவங்கள்ல யாரோ ரெண்டு பேரு சிரிச்சாங்க. டாக்டரம்மா குளத்தைப் பாத்துட்டு நின்னாங்க. லூர்து தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

முதலாளி கோவப்படலீங்க. கோவப்பட்டிருந்தா நானும் ஒண்ணு ரெண்டு சொல்லியிருப்பேன். மெதுவாத்தான் பேசுனாரு. என் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி.

"எட்டுன்னு எனக்குத் தெரியும். நீ கொண்டாந்த அன்னிக்கே தெரியும். ஏழுக்கு நடுவுல இப்படிக் கோடு விழற பஞ்சு எங்க பட்டறையில மட்டும்தான் இருக்குது, எங்கப்பா செஞ்சு வெச்சது. ஆறுச்சாமி எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கானேன்னு நாலு வருசமா நினைச்சிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாரு. எனக்காகன்னு நினைச்சிட்டு இருந்தேன். இதுல என்னங்க குத்தம் இருக்குது? அவருக்காகத்தானே பண்ணுனேன்? பின்ன யாருக்காகவாம்? மூணு வருசமா யோசிக்கறேன், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியலை. உங்களுக்குப் புரியுதுங்களா? புரியாது. பணக்காரங்க இப்படித்தான் பாதியில நிறுத்துவாங்க.

சரி, அதை விடுங்க. கேளுங்க இதை. அதே எட்டை எடுத்து அடிச்சாரு. அடிச்சாருங்க. பந்து குளத்தைத் தாண்டி, பச்சையில விழுந்து, குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. ஒரு முழம். நூறு பேரும் கை தட்டுனாங்க. நான் சொன்னது சரியா தப்பா? என் கணக்கு சரியா தப்பா? பந்தே சொல்லிருச்சே. அந்தக் குழியை ஜெயிச்சாரு. மீதி மூணு குழியும் சமம். அந்த ஒரு குழியிலதான் அந்தக் கோப்பையே வந்துச்சு.

ஆனா அந்தாளு என்ன பண்ணுனாரு தெரியுங்களா? அடிச்சு முடிச்சதும் ஸ்டிக்கை எங்கிட்டக் குடுக்கலை. குனிஞ்சு புல்லுல வெச்சாரு. எறியலீங்க, வெச்சாரு. அப்புறம் என் தோள்ல இருந்து பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டாரு. அறுபத்தாறு வயசு, நெஞ்சைப் பொளந்து தைச்ச மனுசன். மூணு குழி. மூணு குழியும் அந்தப் பையை அவரே தூக்கிட்டு நடந்தாரு. லூர்து ஓடிவந்து தூக்கறேன்னு கேட்டதுக்கும் வேண்டாம்னுட்டாரு. நான் ரெண்டு கையையும் வீசிட்டுப் பின்னால நடந்தேன். நூறு பேரு பாத்தாங்க. மூச்சு வாங்கி வாங்கி நின்னு நின்னு போனாரு. அந்த மூச்சுச் சத்தம் இப்பவும் கேக்குது எனக்கு. என்னை அவமானப்படுத்தறதுக்காக நெஞ்சு வலியைக் கூடப் பொறுத்துக்கிட்டாரு பாருங்க. எவ்வளவு வன்மம் இருந்தா ஒரு மனுசன் அப்படிப் பண்ணுவான்?

கோப்பையை வாங்குனதுக்கப்புறம் அவரு ஆடறதில்லை. எப்பவாவது வந்து பால்கனியில உக்காந்து காப்பி குடிப்பாரு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை யார்கிட்டயும் தப்பாச் சொன்னதில்லையாம். கமிட்டியில கூப்பிட்டுக் கேட்டதுக்கு, அவன் எடுத்துக் குடுத்த ஸ்டிக்கு சரியான ஸ்டிக்குன்னு மட்டும் சொன்னாராம். எங்க மச்சினன் இன்னும் அந்தக் கம்பெனியிலதான் இருக்கான், இப்ப சூப்பர்வைசரு. அவனை ஏன் விட்டு வெச்சிருக்காருன்னா, ஊருக்கு நல்லவரா இருக்கறதுக்கு. மேஸ்திரி வேலை வேற ஒருத்தனுக்குப் போச்சு. அன்னியில இருந்து ஒரு மெம்பரும் என் பேரு சொல்லலை. அவரு ஒண்ணும் சொல்லாமயே ஊரையே திருப்பிட்டாரு, பாத்தீங்களா. சொல்லித் திருப்பறவனைச் சமாளிக்கலாம். சொல்லாமத் திருப்பறவனை என்னங்க பண்றது?

மழை குறையுது. மணி என்ன? மூணே முக்காலா? அப்ப சட்டுனு முடிச்சுரலாம்.

இதோ பாருங்க. மொத அடிக்கு டிரைவர், தூரத்துக்குக் கட்டைத் தலை வெச்ச உட்டு ரெண்டு, இரும்பு நாலுல இருந்து ஒம்பது வரைக்கும், எட்டு இருக்குது பாத்துக்கங்க, உங்களுக்கு நம்பர் கிறுக்கு ஒண்ணும் இல்லையே? மண்ணுல விழுந்தா அடிக்கறதுக்கு ரெண்டு, கிட்டக்க அடிக்கறதுக்கு ரெண்டு, உருட்டறதுக்கு இது. எண்ணிக்கங்க, பதினாலு.

என்னங்க? எது? இந்த மூணாம் நம்பர் இரும்பா? இதைத்தான் நான் வெளிய வெச்சேன். பழசுங்க. கைப்பிடியெல்லாம் வெடிச்சுக் கிடக்குது. உங்க செட்டே இல்லை இது. அப்பாவோடதா? அவரு ஆடுவாரா? ஓ. இப்ப இல்லீங்களா. சரி. போன வருசமா. சரிங்க.

அது பையில இருந்தாப் போதும், அடிக்கக்கூட வேண்டாம்ங்கறீங்க. சரிங்க, வெச்சுடறேன். அதுக்கு ஒரு உட்டை எடுத்துடறேன். நீங்க சொல்லிட்டீங்க, நான் வெச்சுடறேன். ஜிப்பைப் போட்டாச்சு. பையோட தலைக்கு மழை உறையும் போட்டாச்சு. தூக்குங்க. ஜன்னல் இந்தப் பக்கம். ஆறுச்சாமி, பேட்ஜு பதினொண்ணு. பதினொண்ணுன்னு சொன்னாலே போதும்.

ஏனுங்க திறக்கறீங்க? நான்தான் வெச்சாச்சுன்னேனே. மழை உறையைக் கழட்டுனா உள்ள நனையுமுங்க.

இல்லீங்க, மறக்கலை. வேணும்னுதான் வெக்கலை. கோவிச்சுக்காதீங்க, சொல்றதைக் கேளுங்க. மூணு நம்பரை இந்தக் கிளப்புல நாலு பேருதான் அடிப்பாங்க. இந்த உட்டு இல்லாம நீங்க ஆறாவது குழியைத் தாண்டவே முடியாது. நாளைக்கு ஆடறப்பத் தெரியும், அப்ப என்னை நினைப்பீங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க. அப்பா ஸ்டிக்கு இங்க பத்திரமா இருக்கும், நான் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெப்பேன். அது பையில இருந்து என்னங்க பண்ணப் போகுது?

நீங்களே எடுத்துச் செருகிக்கறீங்க. சரி. செருகிக்கங்க. அந்த உட்டை இப்படிக் குடுங்க. நாலு மணி ஆகப்போகுது, பாத்து நடங்க, படி வழுக்கும்.

யாரு பேரைச் சொன்னீங்க? இங்க கேட்டுது. கேக்காத மாதிரி மெதுவாச் சொன்னாலும் இங்க கேக்குமுங்க. லூர்தா.

சரி. நல்ல ஆளுதான். குடை நல்லாப் புடிப்பான். ஆனா ஒண்ணு சொல்றேன், அப்புறம் ஆறுச்சாமி சொல்லலைன்னு சொல்லக்கூடாது. நீங்க எதைக் கேக்கறீங்களோ, அதை மட்டும்தான் எடுத்துக் குடுப்பான்.